ஒற்றையடிப் பாதையில் ஓட்டப்பந்தயம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது ஐந்து பிள்ளைகள். தலைமையாசிரியை நான், உதவி ஆசிரியையும் நானே. மயிலாடும்பாறையிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் மலையேறி, பிறகு நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் ஊரே தீவுதான், உள்ளே மாட்டிக்கொண்டால் நானும் தீவுக்காரி. அதில்கூட எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அடிவாரத்துப் பெரிய பள்ளியின் டீச்சர் மேல்தான். ஜீப்புக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் வந்து, "என்ன டீச்சர், நேத்து அஞ்சும் வந்திருச்சுகளா?" என்று கேட்பார், கோழி எண்ணுகிற மாதிரி.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அந்தக் கோபத்தில் ஒருநாள் வாயை விட்டேன்.

"இந்த வருசம் ஓட்டப்பந்தயத்துல கப்பு எங்க பிள்ளைக்குத்தான். எழுதி வச்சுக்கங்க."

சும்மா சொல்லவில்லை. எங்கள் ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். மொத்த ஐந்தாம் வகுப்பும் அவள்தான். ஆட்டுக்குப் பின்னால் ஓடி ஓடிக் கால் நன்றாகப் பழகியிருந்தது. ஆனால் எங்கள் ஊரில் மைதானம் ஏது? சமதளம் என்றால் காப்பித் தோட்டத்தை ஒட்டிப் போகும் ஒற்றையடிப் பாதைதான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இரண்டு பேர் சேர்ந்து ஓடினால் ஒருவர்தான் திரும்பி வருவார். அதனால் ஒவ்வொருவராக ஓட விடுவேன். ஒருவர் ஓடும்போது மற்ற நால்வரும் கைதட்டிக் கத்த வேண்டும். நான் செல்போனில் நேரம் பார்ப்பேன். இரண்டு மாதம் இப்படியே பழக்கினேன்.

போட்டியன்று எட்டுப் பள்ளிகளிலிருந்து எட்டுப் பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். அடிவாரத்து டீச்சர் குடையும் கையுமாக என் பக்கத்திலேயே வந்து நின்றார். வேண்டுமென்றேதான். விசில் அடித்ததும் ஏழு பேர் பறந்தார்கள். எங்கள் பிள்ளை மட்டும் கோட்டிலேயே நின்று, ஓடுகிறவர்களைப் பார்த்துக் குதித்துக் குதித்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, ஓடுத்தா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"இருங்க டீச்சர், அவுக முடிக்கட்டும்!"

முடித்தார்கள். முதலில் வந்தது அடிவாரத்துப் பிள்ளை என்பதையும் சொல்லித் தொலைக்கிறேன். அதன் பிறகு இவள் என் செல்போனைக் கைகாட்டி, "பாத்துக்கங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடினாள் பாருங்கள்! முதலில் மைதானமே சிரித்தது. பாதித் தூரத்தில் சிரிப்பு நின்றது. அப்புறம் விசிலடித்தார்கள், கைதட்டினார்கள், நாற்காலியில் இருந்தவர்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். முதலில் வந்த பிள்ளைக்கு நடுவர் சொன்ன நேரத்தைவிட இவளுக்கு இரண்டு விநாடி குறைவு.

செல்போனைத் தூக்கிக்கொண்டு நடுவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "கப்ப இங்கன வைங்க" என்றுகூடச் சொன்னேன். அவர் பொறுமைசாலி. "டீச்சர், பந்தயம்னா சேந்து ஓடணும்ல?" என்றார். குடைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது. சேர்ந்து ஓட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லித் தரவில்லையே! தப்பு முழுக்க என்னுடையது. இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

மூச்சு வாங்க வந்து நின்றாள். முகமெல்லாம் பல்.

"டீச்சர், நான் ஓடுறப்ப எம்புட்டுப் பேரு கை தட்டுனாக, பாத்தீகளா?"

"பாத்தேன்த்தா."

"அந்தப் பிள்ளைகதான் பாவம். ஏழு பேரையும் ஒண்ணா ஓட விட்டுட்டாக. யாருக்குக் கை தட்டுனாகன்னு அதுகளுக்குத் தெரியவே தெரியாதுல்ல?"

சொல்லிவிட்டு, கப்பும் கையுமாக நின்ற அடிவாரத்துப் பிள்ளையிடம் போனாள். அதன் தோளைத் தட்டி, "வருத்தப்படாத, அடுத்த வருசம் தனியா ஓட விடச் சொல்லி உங்க டீச்சர்ட்ட கேளு" என்று ஆறுதல் சொன்னாள். அந்தப் பிள்ளையும் கப்பை இடுக்கிக்கொண்டு, சரி என்று தலையாட்டியது.