பதின்மூன்றாம் இலக்கம்

1979 மே 16, புதன்கிழமை, காலை பத்தே கால். வெள்ளவத்தையில் தூறல்; கடல் பக்கத்து வானம் கறுத்துக் கிடந்தது, வெயிலும் விட்டுப் போகவில்லை. வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, குளியலறை கழுவ வைத்திருந்த லைசோல் போத்தல் என் கைதவறி விழுந்து உடைந்தது. மேசையில் ஏழு கதலிப்பழம் இருந்தன. மூன்று நன்றாகக் கனிந்து தோல் கறுத்தவை. மருந்து மணமும் பழ மணமும் சேர்ந்து மூக்கில் ஏற, விளக்குமாறும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். நாற்பத்தொரு வருடத்துக்கு முந்திய கொட்டாஞ்சேனைக் கொட்டகை ஒன்று முன்னால் வந்து நின்றது. கண்ணாடித் துண்டுகளைப் பிறகுதான் பொறுக்கினேன். பத்தொன்பது. இருபதாவது ஒன்று எங்கேயோ கிடக்கிறது, யாருடைய காலில் ஏறுமோ என்ற கவலையோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கொட்டகை முன்னொரு காலத்தில் தும்புக் களஞ்சியமாக இருந்தது. கணக்கெழுத ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரிக் கிளார்க் உத்தியோகம் என்ற நினைப்பில், கழுத்துப்பட்டியெல்லாம் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே லைசோலும் கனிந்த பழமும் மணக்க, இரண்டு பக்கமும் கம்பிக் கூடுகள். பன்னிரண்டு பெண் குரங்குகள், இரண்டு ஆண். எல்லாம் நம் நாட்டுச் செங்குரங்கு. பதினாலும் என் கழுத்துப்பட்டியைத்தான் பார்த்தன.

கொட்டகையின் எசமானி ஒரு லேடி டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரி, லண்டனில் படித்தவர், பகலில் பிள்ளைப்பேற்று வார்ட்டில் வேலை. கலியாணமாகி வருடக்கணக்காகப் பிள்ளை இல்லை என்று வந்து நிற்கும் பெண்களுக்குச் சொல்ல அவரிடம் ஒரு பதிலும் இருக்கவில்லை. மாதத்தில் எந்த நாளில் கரு தங்குகிறது? இந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை கூடும். ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு பெண் குரங்கையும் பஞ்சால் ஒற்றிப் பார்க்க வேண்டும். இரத்தம் கண்ட நாள் முதலாம் நாள். அதிலிருந்து எண்ணி, குறித்த ஒரு நாள் மட்டும் ஆணைக் கூட்டுக்குள் விட்டு, மறுநாள் பிரிக்க வேண்டும். சில வாரம் கழித்து டொக்டர் வயிற்றைத் தடவிப் பார்ப்பார். தங்கியிருந்தால், எண்ணிய நாள் சரி.

எண்ணுவதுதான் உத்தியோகம் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்? வெள்ளவத்தையில் ரயிலேறி, கோட்டையில் இறங்கி, டிராமில் போய், மிச்சத்தை நடந்து போவேன். டிராம் நிற்கும் இடத்திலிருந்து கொட்டகைப் படலைவரை அறுநூற்று நாற்பது அடி. மழைநாளில் தண்ணீர் தேங்கிய இடங்களைச் சுற்றிப் போக அறுநூற்றெழுபது.

பஞ்சு ஒற்றுவது ரெஜினா அக்கா. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி. கையில் பதினாலு கடித்தழும்பு, கழுத்தில் அந்தோனியார் பதக்கம். அவர் கூட்டுக்குக் கூடு போய்க் கூப்பிடுவார், நான் ரெஜிஸ்டரில் எழுதுவேன்.

“ஒண்டு, இல்ல. ரெண்டு, இல்ல. மூண்டு, ஓம், எழுது தம்பி. நாலு மாகிரட், பொறு, கடிக்க வாறாள்.”

“ஏன் அக்கா மாகிரட்?”

“எங்கட சந்தியில ஒரு மாகிரட் இருக்கிறாள். அவளும் வாழைப்பழம் குடுத்தாத்தான் சிரிப்பாள்.”

இரண்டாம் வருடத்தில் ரெஜிஸ்டரில் ஒரு வடிவம் தெரியத் தொடங்கியது. பதினொன்றுக்கும் பதினாலுக்கும் இடைப்பட்ட நாளில் ஆணோடு விட்டவற்றில்தான் கரு தங்கியது. ஒன்பதாம் இலக்கம் மட்டும் விதிவிலக்கு. அதற்கு எந்த நாளும் சரிவரவில்லை. சாந்தமான குரங்கு அது. என் பங்குப் பழத்தில் பாதியை அதற்குக் கொடுப்பேன்.

ஏன் அதன்மேல் அந்தப் பட்சம் என்றால், எனக்கும் புவனத்துக்கும் கலியாணமாகி அப்போது ஐந்து வருடம். வெள்ளவத்தையில் தெரிந்த வீடுகளில் பிறந்த முப்பத்தோராம் நாள் குழந்தைக்குச் சடங்கு வைத்துச் சொல்லியனுப்பினால், புவனம் போய்ப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்துவிட்டு வருவாள். ஒன்பது வீடு. பத்தாவது வீட்டுக்குத் தலையிடி என்றாள். அந்த வாரமே ஊரிலிருந்து என் தமக்கையின் கடிதம் வந்தது: வயது போகிறது, இன்னொரு இடம் பார்த்திருக்கிறேன், யோசித்துப் பதில் எழுது. புவனம் அதை வாசித்துவிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்துத் தந்தாள்.

“அக்கா பிழையாச் சொல்லேல்லையே.”

மூன்றே சொல். பதினொரு இரவு எனக்கு நித்திரை இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, ரெஜினா அக்கா கூப்பிட்டு முடித்த பிறகு, பன்னிரண்டு வரிக்குக் கீழே பென்சிலால் பதின்மூன்று என்று ஓர் இலக்கம் போட்டேன். புவனத்திடம் சொல்லவில்லை, சொல்லும் தைரியம் எங்கே இருந்தது? ஒவ்வொரு மாதமும் எண்ணிப் பன்னிரண்டாம் நாள் வந்ததும் ஐந்து பத்து ரயிலைப் பிடித்து நேரத்தோடு வீட்டுக்குப் போவேன், கையில் மல்லிகைப்பூவோடு. “இண்டைக்கு என்ன விசேசம்?” என்பாள் புவனம். “சும்மாதான்” என்பேன். ஒன்பது மாதம், ஒன்பது சரம். ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டிலும் ஒன்பதாம் இலக்கம்தானோ என்று பயந்து போனேன்.

மாத முடிவில் நான் எழுதிக்கொடுக்கும் சுருக்கத்தைத்தான் டொக்டர் பார்ப்பார். ரெஜிஸ்டரைத் திறப்பது அபூர்வம். லண்டனுக்கு அதை அனுப்ப வேண்டும் என்று ஒரு மழைக்காலைப் பொழுதில் திறந்தார்.

“பன்னிரண்டு பெட்டைதானே வச்சிருக்கிறம். இதென்ன பதின்மூண்டு?”

நான் தரையைப் பார்த்தேன். தண்ணீர் போகும் தகட்டில் எட்டுத் துளை இருந்தது.

ரெஜினா அக்கா கூட்டிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: “அது வெள்ளவத்தையில நிக்கிறது, டொக்டரம்மா. கடிக்காதாம்.”

டொக்டர் சிரிக்கவில்லை. வரியின் மேல் விரலை வைத்து மெதுவாகப் போனார். “மற்றதுகளுக்கு நாலைஞ்சு நாள் அடையாளம் போட்டிருக்கிறீர். இதுக்கு மாசத்தில ஒரு நாள்தான். ஏன்?”

“அது முழுகின நாள், டொக்டர்.”

“முழுகின நாளோ?”

“ஓம். அதுதானே முதலாம் நாள்.”

“ஆர் சொன்னது?”

ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் அது அப்படித்தான். மாதவிலக்கென்றால் பெண்கள் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்து, ஐந்தாம் நாள் காலை தலைமுழுகிவிட்டு உள்ளே வருவார்கள். எண்ணிக்கை அங்கிருந்துதான் தொடங்கும். என் தாய் அப்படி எண்ணினார். ஊர் மருத்துவிச்சி அப்படி எண்ணினார். கருவுற்றவளைக்கூட “முழுகாமல் இருக்கிறாள்” என்றுதான் சொல்லுவோம். மூலையில் கழியும் அந்த நாலு நாளுக்கும் கணக்கில் இடமே இல்லை. ரயில் படியையும் எண்ணுகிறவன் நான். என் சொந்த வீட்டில் மாதம் நாலு நாளை எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

“குரங்கு முழுகிறேல்ல, அதால அதுகளுக்குச் சரியா எழுதியிருக்கிறீர்” என்றார் டொக்டர். “உம்மட பன்னிரண்டு, கணக்கில பதினாறு. ஒவ்வொரு மாசமும் ரயில் போன பிறகு ஸ்ரேசனுக்குப் போயிருக்கிறீர்.”

“கையில பூவும் கொண்டு!” என்றார் ரெஜினா அக்கா.

அப்போதுதான் டொக்டரின் முகம் இளகியது. “கவனம். குரங்கில கண்டதை மனிசருக்கு நான் இன்னும் சத்தியம் பண்ணேல்ல. ஒன்பதைப் பாரும். சரியா எண்ணியும் அதுக்கு இல்ல.” பிறகு குரல் கடுமையாயிற்று. “ஆனா அவவுக்குத் தெரியாம அவவை எழுதினது பிழை. என்ர வார்ட்டில நான் அப்பிடிச் செய்யிறேல்ல. இண்டைக்கே போய்ச் சொல்லும். இந்தப் புத்தகத்தையும் நான் அனுப்பேலாது. உம்மட காசில புதுசு வாங்கி, பன்னிரண்டை மட்டும் பாத்து எழுதித் தாரும்.”

அன்று மாலை அடுப்படி வாசலில் நின்று சொன்னேன்.

“என்னை எழுதினனீங்களோ? எதில?”

“ரெஜிஸ்டரில.”

“ஆருக்குக் கீழ?”

“பன்னிரண்டுக்கு.”

“பன்னிரண்டு ஆர்?”

“கிழட்டுக் குரங்கு ஒண்டு. நல்ல குணம்.”

இரண்டு நாள், ஆறு சாப்பாடு, ஒரு பேச்சும் இல்லை. மூன்றாம் நாள் நாலு நாள் கணக்கை விளக்கிச் சொல்ல விட்டாள். முடிவுவரை கேட்டாள். பிறகு என் சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து, சுவரில் தொங்கிய கலண்டரடியில் ஆணியில் நூலால் கட்டினாள்.

“இனி நான் எண்ணுறன். நீங்கள் எண்ணிக் கிழிச்சது காணும்.”

முதலாம் நாளுக்கு அவள் ஒரு குறுக்குக் கோடு போடுவாள். முதல் மாதம் போட்டாள். இரண்டாம் மாதமும் போட்டாள். மூன்றாம் மாதம் அந்த நாள் வந்தது, கோடு இல்லை. மறுநாளும் இல்லை. நான் கேட்கவில்லை. சட்டை போடும்போதும் கழற்றும்போதும் கலண்டர்ப் பக்கம் பார்ப்பேன், அவ்வளவுதான். பத்தாம் நாள் காலை அவளே கேட்டாள்.

“என்ன, எண்ணுறதை விட்டிட்டீங்களோ?”

“நீதானே எண்ணுறதாச் சொன்னனி.”

“எண்ண ஒண்டும் இல்லையே” என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் கேட்டது என்று அன்று மட்டும் எண்ணவில்லை.

ரெஜினா அக்கா தான் கொளுத்திய இரண்டு மெழுகுதிரியைக் காரணம் சொன்னார். புவனம் பிள்ளையாரைச் சொன்னாள். டொக்டரோ, “ஒரு ஆளை வச்சு ஒண்டும் சொல்லேலாது. பன்னிரண்டெண்டாலும் வேணும்” என்றார்.

“பன்னிரண்டு பிள்ளையோ, டொக்டர்?”

அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

பிறகு யுத்தம் வந்தது. கொட்டகையைப் பட்டாளத்துச் சாமான் வைக்க எடுத்தார்கள். குரங்குகளை லொறியில் கொண்டுபோய்க் காட்டோரம் விட்டோம். ஒன்பதாம் இலக்கம் மட்டும், கதவு திறந்த பிறகும், என் பாதிப் பழத்தைத் தின்று முடித்துவிட்டுத்தான் இறங்கியது. டொக்டர் சீமைக்குப் போனார். நான் பார்த்தெழுதிய இருநூற்று எண்பத்தெட்டு வரியும் அச்சில் வந்ததோ தெரியாது. ரெஜினா அக்கா வத்தளைக்குக் குடிபோய் அங்கேயே கண்ணை மூடினார். டிராம் இல்லை. புவனம் போய் ஆறு வருடம். முழுகின நாளிலிருந்து எண்ணுகிறவர்களும் இப்போது இல்லை. நேற்றுக் கலியாணமான பெண்ணும் முதல் நாளைச் சரியாகக் குறித்துக்கொண்டு டொக்டரிடம் போகிறாள். போனவற்றில் நான் கவலைப்படாதது இது ஒன்றுதான்.

இரண்டு மணிக்கு மகள் பள்ளிக்கூடத்தால் வருவாள். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறாள். வயது நாற்பது, லைசோல் போத்தலுக்காக என்னை ஏசுவாள், இருபதாவது கண்ணாடித் துண்டையும் அவளே கண்டெடுப்பாள். பென்சில் வரியுள்ள பழைய ரெஜிஸ்டர் அவளுடைய அலுமாரியில்தான் இருக்கிறது; நான் தொட விடமாட்டாள். அவள் வந்து பிறந்ததற்கு எனக்கு ஆன செலவு: புது ரெஜிஸ்டர் ஒரு ரூபா எழுபத்தைந்து சதம், மைப்போத்தல் இருபது சதம், பிழையான நாளில் வாங்கிய ஒன்பது சரம் மல்லிகை நாற்பத்தைந்து சதம். ஆக, இரண்டு ரூபா நாற்பது சதம்.