ஆள் நீளத் தொட்டி

பாத்ரூமை இடித்துக் கட்டுவது என்று முடிவானபோது நான் கேட்டதெல்லாம் வழுக்காத தரையும், சுவரில் பிடித்துக்கொள்ள ரெண்டு கைப்பிடியும்தான். என் வீட்டுக்காரர் பாத்டப் வேண்டும் என்றார். எங்கள் மீனாட்சிபுரத்தில் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி இல்லாத வீடு கிடையாது. மனுசனுக்குத் தொட்டி வைத்த வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. விசயம் எப்படியோ வெளியே போய்விட்டது. பால் வாங்க வருகிறவர்களெல்லாம், உள்ளே ஒரு தொட்டி வெளியே ஒரு தொட்டி, மாட்டுப் பருத்திக்கொட்டை எந்தத் தொட்டிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழைக்காலத்தில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது பக்கம். பேச்சு திரும்பிவிட்டது, கை முக்கால்வாசி தேறிவிட்டது, கால்தான் இன்னும் இழுத்துக்கொண்டு வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டு பாத்ரூமில் குளித்து நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் விழும் தொட்டிக்குள் கழுத்தளவுக்கு உட்கார்ந்துகொள்ளுவார். இனி அந்தத் தொட்டியில் ஏறி இறங்க முடியாது. இந்த நேரம் பார்த்து, பிசியோதெரபி டாக்டரம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்தால் விறைப்பு குறையும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்தம்மா சொன்னது கால் முக்குகிற பேசின். இவர் பிடித்துக்கொண்டது ஆள் முங்குகிற தொட்டி. கோயமுத்தூரில் இருக்கும் மகளைப் போனில் கூப்பிட்டு முறையிட்டேன். அவள் என்றைக்கு என் கட்சி?

எனக்குப் பயம். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. காலைத் தூக்கி உள்ளே வைக்கும்போது இடறினால்? தண்ணீருக்குள் கிடக்கும்போது இன்னொரு தடவை வந்தால்? அன்றைக்கு அவர் சமையல்கட்டு வாசலில் விழுந்தபோது நான் அடுப்புக்கிட்டே இருந்தேன். பக்கத்தில் ஆள் இருந்ததால் சீக்கிரம் கொண்டு வந்தீர்கள், அதனால்தான் பிழைத்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தச் சொல் என்னைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. அவர் கண்ணில் படாமல் கொஞ்ச நேரம் போனால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பாலக்காட்டில் பெரிய கடையாகப் பார்த்துப் போனோம். விற்பனைக்கு நின்ற பெண் மலையாளமும் தமிழும் கலந்து பேசிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். மூலையில் வைப்பது, நாலு காலில் நிற்பது, தண்ணீர் குமிழி விடுவது. நான் ஒவ்வொன்றின் விளிம்பையும் என் முழங்காலோடு ஒட்டி நின்று உயரம் பார்த்தேன். தொட்டியின் உள்ளடியைக் கையால் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் வழுக்குமா என்று கேட்டேன். அப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாள். கேட்காமல் எப்படித்தான் வாங்கிப் போகிறார்களோ.

கடைசியில் எனக்குப் பிடித்த மாதிரி ஒன்று இருந்தது. குட்டையானது, பக்கவாட்டில் சின்னக் கதவு, உள்ளே உட்கார ஒரு திட்டு. காலைத் தூக்கவே வேண்டாம், நடந்து போய் உட்கார்ந்துகொள்ளலாம். விழுவதற்கு வழியே இல்லை. இதுதான், இதையே எடுத்துவிடலாம் என்றேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பஸ் சீட் மாதிரி இருக்கிறது, இதில் குளிக்கிறதா, டிக்கெட் வாங்குகிறதா என்றார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவளிடம் அந்தக் கதவில் தண்ணீர் கசியுமா என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது, இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, எதிரே இருந்த நீளத் தொட்டிக்குள் இறங்கிவிட்டார்.

நான் திரும்பிப் பார்த்தபோது படுத்திருந்தார். வெள்ளைத் தொட்டி, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கண் மூடியிருந்தது. கை ரெண்டும் வயிற்றின் மேல். கால் கட்டைவிரல் ரெண்டும் ஒட்டினாற்போல் இருந்தன. எங்கள் பக்கம் மனுசனைக் கிடத்திக் குளிப்பாட்டுவது ஒரே ஒரு தடவைதான். நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்பதற்குள் நினைத்துவிட்டேன். எந்திரிங்க என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. அவர் பதறிக்கொண்டு எழப் பார்த்தார். அவசரத்தில் இடது கால் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை, சறுக்கி மறுபடி உள்ளேயே விழுந்தார். நானும் அந்தப் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். அவர் எங்கள் கையை விலக்கிவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

கடைக்குப் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.  

“ஏனுங்க, கோவமா?” என்றேன்.

“கோவமில்ல அம்மிணி,” என்றார். டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினார். “நான் பல்லு வெளக்குனா நீ நிக்கற. கக்கூசுக்குப் போனா கதவுக்கு அக்கட்டால நின்னுட்டு, இருக்கறீங்களா, இருக்கறீங்களாங்கற. ஆசுபத்திரில இருந்து வந்ததுல இருந்து எனக்கு ஒருக்கா அழுகோணும்னு இருக்குது. நம்மூட்டுல அதுக்கு எடமில்ல.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உசுரைக் கையில் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் காவல் நின்றேனே, அதற்கு இதுவா கூலி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பேச்சு திரும்பிய அன்றைக்கே கிண்டலும் திரும்பிவிட்ட மனுசன். எல்லாரோடும் சேர்ந்து சிரித்தவர். இவருக்குள் இப்படி ஒன்று கிடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் டீ டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்திருந்தார். இடது கை இப்போதும் நடுங்கும், அதை வலது கையால் சேர்த்து அமுக்கியிருந்தார். அதைப் பார்த்த பிறகு பெஞ்சிலிருந்து எழுந்தேன். திரும்பத் தொட்டிக் கடைக்குள் போய், அந்த நீளத் தொட்டியையே அனுப்பச் சொன்னேன். ரெண்டு பக்கமும் கைப்பிடி கட்டாயம் வேண்டும் என்றேன்.

கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைக்கக் கூடாது என்று கொத்தனாரிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இப்போது நானே வைக்கச் சொன்னேன். வெளியிலிருந்து ஒரு உதை விட்டால் பெயர்ந்து வந்துவிடுமா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டும் வைத்தேன். சின்னதாகப் போடுகிறேன், வந்துவிடுமுங்க என்றார்.

முதல் குளியல் ஒரு சாயங்காலம். தண்ணீரைப் பிடித்து, சூடு பார்த்து, துண்டை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். தாழ்ப்பாள் விழுந்தது. பழக்கதோசத்தில் அங்கேயே நின்றேன். இருக்கறீங்களா என்று வந்த வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டேன். தண்ணீர் சளசளத்தது. பிறகு நின்றுபோனது. பிறகு ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். கையை ஓங்கிவிட்டேன் கதவைத் தட்ட. இருமல் இல்லை. அழுது பழக்கமில்லாத மனுசனின் அழுகை, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பெரிதாகிக்கொண்டே போனது.

வாசலில் பால் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா தூக்குப்போசியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் பாத்ரூம் ஜன்னல் பக்கம் திரும்பியது.

நான் ஓட்டமாக ஓடி, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மெஷினைப் போட்டேன். அது ஓடினால் காதோரம் நின்று கத்தினாலும் கேட்காது. அந்த அக்காவுக்குக் கேட்காது. உள்ளே இவர் வழுக்கி விழுந்தால் எனக்கும் கேட்காது, என்னைக் கூப்பிட்டாலும் கேட்காது. சோளத்தட்டை அள்ளி அள்ளிக் கொடுத்தேன். தட்டு தீர்ந்த பிறகும் மெஷினை நிறுத்தவில்லை.