ஃபேனில் குடிவந்த கொண்டைக்குருவி

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் பெண்ணைப் பார்ப்பதைவிட வீட்டைப் பார்ப்பதில்தான் மாப்பிள்ளை வீட்டாருக்கு அக்கறை. தங்கச்சிக்குக் கட்டிய முதல் வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. இரண்டாவதை றோட்டுக்கு மேற்கே, வயலோரம் கட்டினோம். யன்னலுக்குக் கண்ணாடி போடுமுன்பே ஒரு கொண்டைக்குருவிச் சோடி அதில் குடிவந்துவிட்டது.

கறுத்த தலை, சிலுப்பிய கொண்டை, வெற்றிலைத் துப்பலில் குந்தி எழும்பியதுபோல வாலடியில் சிவப்பு. விடிந்தால் பழம், பொழுதுபட்டால் பழம். தின்பது ஓரிடம், விதையைப் போடுவது வேறிடம். கடல் துடைத்துப்போன காணிகளில் யாரும் நடாமலே, சிவந்த குட்டிப் பழம் காய்க்கும் ஜாம் மரங்கள் எழும்பியது இதன் தயவில்தான். இவ்வளவு மரம் நட்ட பறவை ஒரு மரத்தில் கூடு கட்டக் கூடாதா? நடு ஹோலில், கூரையில் தொங்கிய புது ஃபேனின் தலையில் கட்டியது. சுள்ளி, சிலந்தி நூல், மீன்வலை நைலோன். மூன்று முட்டை.

"காக்கா, ஃபேன் சுவிச்சில ஆராச்சும் கைய வெச்சா எனக்குக் கலியாணமே வேணா" என்றாள் தங்கச்சி என்னிடம். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.

யுத்தம் முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்திய நாள், தாய்க்குருவி அரைநாள் வரவில்லை. தங்கச்சி அரைநாள் சோறு தின்னவில்லை.

குஞ்சு பொரித்த வாரம் மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். சுவிச்செல்லாம் போட்டுப் பார்க்கிற ஆள் என்று கேள்விப்பட்டு, மெயின் சுவிச்சை இறக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்றும் எரியவில்லை.

"என்ன மகன், ஊட்டுக்குக் கரண்டு எடுக்கல்லயா?"

"இண்டைக்குக் கரண்டு இல்ல மாமி."

"பக்கத்து ஊட்டு ரேடியோ பாடுதே."

அறைக்குள்ளிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "கரண்டு இரிக்கி மாமி. காக்காதான் நிப்பாட்டின. ஃபேன்ல குஞ்சு இரிக்கி."

சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். மாமி அண்ணாந்து பார்த்தார். ஜாம் பழத்தோடு குருவி வந்து இறங்க, மூன்று வாய்கள் திறந்தன. சீலைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் குந்தினார்.

"என்ட மகனும் இப்பிடித்தான், வாயத் துறந்தா மூடமாட்டான். இதுகள் எப்ப பறக்கும்?"

"பத்து நாள் செல்லும் மாமி."

"அதுக்குப் புறகு நாள் வைப்பம்."

குஞ்சுகள் பறந்தன. கூட்டை மட்டும் இறக்க விடவில்லை தங்கச்சி, திரும்ப வருமாம். நிக்காஹ் அன்று ஹோல் நிறைய ஆட்கள், தாங்க முடியாத புழுக்கம். சந்தோசத்தில் மறந்துபோய் நானே ஃபேனை ஐந்தில் வைத்தேன். கூடு சுழன்று கிளம்பி மாப்பிள்ளையின் தொப்பியில் போய்க் குந்தியது. அவரின் வலக்கை, நிக்காஹ் செய்து கொடுக்கும் எங்கள் வாப்பாவின் கைக்குள் இருந்ததால் தட்டிவிட முடியவில்லை. காய்ந்த ஜாம் விதைகள் மூக்கில் உருள, தலையில் கூட்டோடு "கபூல்" சொல்லித் தங்கச்சியை ஏற்றுக்கொண்டார்.

கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த புதுப்பெண் கேட்டாள்:

"காக்கா, கூட்டுக்கு ஒண்டும் ஆகல்லயே?"