முனீஸ்வரனுக்கு வைத்த கட்டைகள்

முனீஸ்வரனை நம்பும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடம் முன்பே இதை எழுதியிருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. எனக்கு வயது அறுபத்து நான்கு. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருடம் தை மாதம், என்னால் ஒரு மனிதன் சாக இருந்தான். அவன் பெயர் சின்னப்பன். இருபது வருடம் என் நிலத்தில் உழைத்தவன்.

என் மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. சமையலுக்கு விறகு எடுக்க ஜவளகிரிக் காட்டுக்குப் போனோம். அப்போதுதான் ஒரு சின்ன டிராக்டர் வாங்கியிருந்தேன். அதன் பின்புறம், தானே ஏறி இறங்கும் இரண்டு இரும்புக் கைகள் உண்டு. அவற்றின்மேல் பலகை கட்டி விறகை அடுக்கினோம். நான் விசையை இழுத்துப் பாரத்தைத் தூக்கியதும் முன்சக்கரங்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பின.

"பாதியை இறக்கிடலாங்க ஐயா. மூக்கு தூக்குது" என்றான் சின்னப்பன்.

"நீ முன்னால ஏறி உட்காரு. பாரம் சரியாயிடும்" என்றேன்.

ஒரு மனிதனைப் பாரக்கல்லாக வைத்தேன். அவனும் ஏறினான். நான் சொல்லி அவன் மறுத்ததே இல்லை. அதுதான் இன்றும் என்னை அறுக்கிறது.

காட்டை விட்டு ஏறும் மேட்டின் அடியில் முனீஸ்வரன் கல் இருக்கிறது. விறகு ஏற்றிவரும் ஒவ்வொரு வண்டியும் அங்கே நின்று ஒரு கட்டையை வைத்துவிட்டுத்தான் மேடேறும். அதைக்கொண்டு பொங்கல் வைப்பார்கள். அன்று மூன்று மாட்டுவண்டிகள் அங்கே நின்றிருந்தன.

"சாமி, ஒரு கட்டை வெச்சிட்டுப் போங்க" என்றார் நரைத்த மீசை வண்டிக்காரர்.

"ஏன், உங்க சாமிக்குக் குளிருதா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனேன். கல்லூரியில் படித்த திமிர். பாரத்தை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவும் தூக்கியிருந்தேன். அவர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

பாதி மேட்டில் டிராக்டர் குதிரைபோல் நிமிர்ந்தது. விறகு பின்னால் தரையில் இடித்து நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. சின்னப்பன் கீழே விழுந்தான். அவன் பாதம் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அவன் நெஞ்சுக்கு நேர் மேலே முன்சக்கரங்கள் அந்தரத்தில் ஆடின. பின்னால் கட்டைகள் ஒவ்வொன்றாக நழுவும் சத்தம் கேட்டது. பாரம் குறைந்தால் மூக்கு அவன்மேல் இறங்கிவிடும். நான் அசைந்தாலும் இறங்கிவிடும்.

"ஐயா, ஆடாதீங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அப்பா இறந்தபிறகு நான் சாமி கும்பிட்டதில்லை. அன்று கும்பிட்டேன். "முனீஸ்வரா, ஏத்தினவன் நான். அவன் நான் சொன்னதைச் செஞ்சவன். அவனை விட்டுடு." அழுதேன்.

"ஆகண்டி சாமி, ஆகண்டி" என்று தெலுங்கில் ஒரு குரல். அசையாமல் இருக்கச் சொல்லிக்கொண்டே மீசைக்காரர் மேட்டில் ஓடிவந்தார். தோளில் இரண்டு கட்டைகள். பின்னால் மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு சுமை. எல்லாம் முனீஸ்வரனுக்கு வைத்த கட்டைகள்.

"சாமி விறகாச்சே" என்று என் வாய் முணுமுணுத்தது. நான் எப்போது பக்தனானேன் என்று தெரியவில்லை.

"அவருதுதான். அவரே குடுக்கறாரு. நீங்க சும்மா இருங்க" என்றார்.

முன் அச்சின் கீழே குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார்கள். ஒருவர் பாறையை நெம்ப, மீசைக்காரர் சின்னப்பனின் கையைப் பிடித்தார். அவன் கால் வெளியே வரும்முன்பே பின்னால் விறகு சரிந்தது. டிராக்டரின் மூக்கு தொப்பென்று கட்டைகள்மேல் இறங்கியது. அடுக்கு நொறுங்கவில்லை. அவன் நெஞ்சுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது.

வெளியே இழுத்துப் போட்டார்கள். கணுக்கால் வீங்கியிருந்தது, வேறொன்றும் இல்லை. அவன் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு, "இப்பவாச்சும் ஒரு கட்டை வெப்பீங்களா ஐயா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அன்றிலிருந்து பாதிப் பாரம்தான். தரையிலிருந்து ஒரு சாணுக்குமேல் தூக்குவதில்லை. முன்னால் கல் நிரப்பிய பெட்டி உண்டு, ஆள் இல்லை. முனீஸ்வரன் மேட்டில் டிராக்டரைத் திருப்பிப் பின்பக்கமாகவே ஏற்றுகிறேன். சின்னப்பன் ஒன்று சொன்னால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

போன மாதம் அவன் மகளுக்குக் கல்யாணம். விறகை நான்தான் கொண்டுவந்தேன். கல்லடியில் நிறுத்தி, இருப்பதிலேயே பெரிய கட்டையை இருவருமாகத் தூக்கி வைத்தோம். "பின்பக்கமா நடக்கிற மாடு இது ஒண்ணுதான்" என்று மேடு முழுக்கக் கேலி பேசிக்கொண்டே பக்கத்தில் நடந்துவந்தான். அவன் நடப்பதைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

நான் கேலி செய்த சாமி நான் கூப்பிட்டதும் வந்தார். நீங்களும் கூப்பிடுங்கள். கூப்பிடத் தகுதி உண்டா என்று யோசிக்க வேண்டாம். எனக்கும் அன்று அது இல்லை.