ஆள் கிளியர்

துபாய் அலுவலகத்தில் இன்று தீ ஒத்திகை. சங்கு ஊதியதும் வெயிலில் போய் நின்றோம். யார் தலையிலிருந்தோ வந்த தேங்காயெண்ணெய் வாசனை என்னைப் பேராவூரணிக் கொப்பரைக் களத்தில் கொண்டுபோய் விட்டது.

இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட அந்தக் களம், இரண்டாம் உலக யுத்தத்தின்போது திருகோணமலைக் கடற்படைத் துறைமுகத்தில் வேலைபார்த்த சவரிமுத்து தாத்தாவுடையது. ஜப்பான் விமானத்துக்கு அங்கே ஊதிய சங்கை, மழைமேகத்துக்கு அவர் வாயாலேயே ஊதுவார். நாங்கள் ஓடிப்போய்க் கொப்பரையைத் தார்ப்பாயால் மூடி, காற்று தூக்காமலிருக்க மேலேயே படுத்துக்கொள்வோம். மேகம் கலைந்ததும், "ஆல் கிளியர்! எந்திரிங்க பிள்ளைங்களா" என்பார். ஆபத்து நீங்கியது என்பதற்கான இங்கிலீஷ் அது என்று தெரியாமல், கணக்கு வாத்தியார் வகுப்பைவிட்டுப் போனாலும் "ஆள் கிளியர்" என்று கூவுவோம்.

ஒலிபெருக்கி "ஆல் கிளியர்" என்றது. "கொப்பரையைக் காயப்போடுங்கடி!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்க்க, மலையாளி மேனேஜர் மட்டும் வானத்தைப் பார்த்தார்.