கீபோர்டு நனையவே இல்லை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. லேப்டாப் ரிப்பேர் பார்ப்பவர். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். இப்போது சிரிப்பதில்லை.

பட்டப்பகல். நல்ல வெயில். ஒரு பெண் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"டீ கொட்டிடுச்சுங்க. ஆன் ஆகல. எங்க வீட்டுக்காரரோடது."

"அவரு வரலையா?"

"காரை எடுத்துட்டுப் போனவரு... திரும்பி வரல. போலீஸ்ல சொல்லியிருக்கோம். இதுல ஏதாவது தெரியுமான்னு பாக்கணும்."

சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனாள். மாமா முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு கீபோர்டைத் தூக்கினார்.

டீ கொட்டினால் முதலில் நனைவது கீபோர்டுதான். அது காய்ந்து கிடந்தது. கறை இல்லை, பிசுபிசுப்பு இல்லை. ஆனால் அதற்கு அடியில், மதர்போர்டு முழுக்கத் தண்ணீர். சேற்று வாடை வேறு.

துடைத்தார். ஸ்பிரிட் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தார். சூடான காற்றடித்துக் காயவைத்தார். மீட்டரை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

போர்டு மறுபடி நனைந்திருந்தது.

மறுபடி துடைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே... ஒரு சொட்டு ஊறி வந்தது.

அப்புறம் அந்தச் சத்தம்.

டொக்... டொக்...

ஸ்பீக்கரிலிருந்து. பேட்டரி மேஜை ஓரத்தில் கிடக்கிறது. சார்ஜரும் செருகவில்லை.

டொக்... டொக்... டொக்...

தண்ணீர் களகளவென்றது. நடுவே ஒரு ஆள் மூச்சுக்குத் திணறும் குரல்.

"கண்ணாடி..."

மாமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"கண்ணாடிய... உடை..."

அவ்வளவுதான்.

அதற்குமேல் அவர் உள்ளே இருக்கவில்லை. அந்தப் பெண் வந்தபோது கடை வாசலில், வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னால முடியாதும்மா. எடுத்துட்டுப் போயிடு."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

மாமா தலையாட்டினார்.

"டீ எதுவும் கொட்டலங்க. பீரோவுல பூட்டி இருந்துச்சு. எடுத்தா அடியிலருந்து தண்ணியா ஊத்துது. சொன்னா யாரு நம்புவாங்க?"

அந்தக் கோடையில் ஊருக்கு வெளியே ஏரி வற்றியது. சேற்றில் ஒரு கார் தெரிந்தது. அந்தப் பெண்ணின் வீட்டுக்காரருடையதுதான். அவரும் உள்ளேதான் இருந்தார். கண்ணாடிகள் எல்லாம் மேலே ஏற்றியபடி இருந்தன. அவர் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள்.

எல்லாம் உள்பக்கமிருந்து.