சொந்தக் கிளப் எதிரில் வந்த நாள்

ஜனவரி 18, சனிக்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்ததும் குடங்களையும் டிரம்மையும் நிரப்பினேன். புளியோதரை கிளறி, ஆறவைத்து, வாழையிலையில் பொட்டலம் கட்டினேன். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சாவியை முந்தின நாளே உடன் வேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்திருந்தேன். ஆறு மணிக்கு விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வேன் கிளம்பியது. என் கணவர், என் தம்பி குடும்பம், கொழுந்தன் குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர்கள். செங்கோட்டை தாண்டி மலையேறி, கேரளத்தில் என் மகன் கோல் காப்பதைப் பார்க்கப் போனோம்.

அவனுக்கு இருபது வயது. கேரளத்துக் கிளப் ஒன்று அவனை எடுத்து, இரண்டு ஆண்டுகள் பெஞ்சிலேயே உட்காரவைத்தது. முதல் கோல்கீப்பருக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. இந்தப் பருவம் தொடங்கும்போது, வடகிழக்கு மலைப்பக்கத்தில் உள்ள சின்னக் கிளப் ஒன்றுக்கு அவனை லோனில், அதாவது ஒரு பருவத்துக்கு இரவலாக, அனுப்பினார்கள். பருவம் முடிந்ததும் அவன் கேரளத்துக்குத் திரும்ப வேண்டும். அப்போது வைத்துக்கொள்வார்களா, விட்டுவிடுவார்களா என்பது அவன் அங்கே எவ்வளவு ஆடினான், எப்படி ஆடினான் என்பதைப் பொறுத்தது. நல்லவேளையாக முதல் ஆட்டத்திலிருந்தே இறக்கினார்கள். எல்லா ஆட்டத்தையும் செல்போனில் பார்த்தேன். கோல் விழுந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

அந்தச் சின்னக் கிளப்தான் அன்று கேரளத்துக்கு ஆட வந்தது. எதிரணி அவனுடைய சொந்தக் கிளப். அனுப்பியவர்களே நேரில் பார்க்கப் போகிறார்கள், இதைவிட நல்ல நாள் வராது என்று நினைத்தேன். "டீம் வருதும்மா" என்றுதான் அவன் போனில் சொன்னான். "நான் ஆடுதேன்" என்று சொல்லவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

என் தம்பி, மகன் படத்தைப் போட்டு எட்டடிக்கு ஃப்ளெக்ஸ் அடித்திருந்தான். 'பொதிகை மலைப் புலியே, வருக வருக.'

"ஏன் மாப்ள, கல்யாண வீட்டுக்கா போறோம், வருக வருகன்னு போட்டிருக்க?" என்றார் என் கணவர்.

"அவன் வாரான்லா அத்தான்."

மைதான வாசலில் மகன் காத்துக்கொண்டிருந்தான். கிளப் டிராக்சூட் போட்டிருந்தான். கையுறை இல்லை.

"நான் இன்னைக்கு ஆட முடியாதும்மா."

"அடி கிடி பட்டுட்டாலே?"

"இல்ல. லோன்ல போனவன் சொந்தக் கிளப்புக்கு எதிரா எறங்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதானலே?"

"நீங்க வேன் பிடிச்சதே எனக்குத் தெரியாது. மாமா குரூப்புல ஃப்ளெக்ஸப் போட்ட பெறகுதான் தெரியும். அதப் பாத்துட்டு எப்படிம்மா சொல்ல? கூட வாரேன்னு மேனேஜர்ட்ட கெஞ்சி வந்துருக்கேன்."

தம்பி ஃப்ளெக்ஸ் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "வேற யார்கூடன்னாலும் ஆடலாம். நாங்க வந்த ஆட்டத்துல மட்டும் ஆடக்கூடாது. அப்படித்தான?"

"ஆமா மாமா."

"நல்லாருக்குடே ஒங்க சட்டம்."

அவன் எங்களோடு உட்கார்ந்து பார்த்தான். அவன் இடத்தில் நின்றது அந்தச் சின்னக் கிளப்பின் இன்னொரு கோல்கீப்பர், அந்த மலையூர்ப் பையன்; என் மகனைவிட உயரம் குறைவு. "அவனும் இந்த சீசன் பூரா பெஞ்சுலதாம்மா இருந்தான், என்னால" என்றான் மகன். எனக்கு என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை. பந்து உள்ளே போனால் இவன் அணி தோற்கும். போகாவிட்டால் இவன் இடம் போகும். வேண்டுதலைத் தொடங்குவதும் விடுவதுமாக இருந்தேன்.

இரண்டாம் பாதியில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. அந்தப் பையன் இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். என் மகன் எழுந்து நின்று கைதட்டினான். நானும் தட்டினேன்.

"ஏலே, நீ எதுக்குலே தட்டுத?" என்றான் தம்பி.

"எங்க டீம்லா மாமா."

கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடிந்தது. பயிற்சியாளர் அந்தப் பையனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். மகனை அனுப்பியவர்கள் எதிர்ப்பக்க நிழலில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது வேறொருவனை.

"அடுத்த ஆட்டத்துக்கு யாரு?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. நல்லாப் போற டீம மாத்த மாட்டாங்க."

என் வேலையில் முடிவு சரியில்லை என்று தோன்றினால், ஆளைக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்துவிடுவோம். இங்கே யாரைக் கூப்பிட்டு என்ன கேட்பதென்றே எனக்குத் தெரியவில்லை. புளியோதரைப் பொட்டலங்களை அவன் கையில் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு பொட்டலம் சாப்பிட்டுவிட்டு டீம் பஸ்ஸில் ஏறினான்.

ஃப்ளெக்ஸைப் பிரிக்கவே இல்லை. வேன் ஆரியங்காவு தாண்டியதும் என் கணவர் சொன்னார். "மாடியில சிமெண்ட் மூடைக்கு மேல போட்டுக்கிடலாம். பனிக்கு ஆகும்." வீட்டுக்கு வந்ததும் அப்படியே போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் மாடிக்குப் போனேன். மூட்டைகளின் மேல் அவன் முகம் பனியில் நனைந்து கிடந்தது. சாக்குத் துண்டு ஒன்றை இழுத்து மூட்டைகளை மூடினேன். ஃப்ளெக்ஸைத் துடைத்து, படம் உள்ளே இருக்கும்படி சுருட்டி, பீரோவின் மேல் வைத்தேன். அதற்குப் பிறகுதான் பல் தேய்த்தேன்.